வீட்டிலிரு என்று எந்தப் பெண்ணிடம் சொல்கிறோம்?

காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் கொம்பனித்தெரு ரயில் நிலையத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்று பார்த்தால், மூன்று விதமான முஸ்லிம் பெண்களைக் காணலாம்.

முதலாமவர் பாணந்துறை, தெஹிவளைப் பக்கமிருந்து வரும் ரயிலில் இறங்கி, யூனியன் பிளேஸிலோ நவம் மாவத்தையிலோ உள்ள காரியாலயத்துக்கு விரைகிறார். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. படித்தவர், கணக்காளராகவோ வங்கி உத்தியோகத்தராகவோ இருப்பார். இரண்டாமவர் பக்கத்து ஒழுங்கையிலிருந்து வருகிறார். சுபஹுக்கு முன்பே எழுந்து செய்த இடியப்பத்தையும் ரோல்ஸையும் கடையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுபடியும் வீட்டுக்கு ஓடுகிறார். மூன்றாமவரை அன்றாடம் காண முடியாது. அவர் கையில் ஒரு பயணப் பையும் பத்திரங்கள் வைத்த ஒரு கோப்பும் இருக்கும். மத்திய கிழக்கில் யாரோ ஒருவருடைய வீட்டைக் கூட்டவும், யாரோ ஒருவருடைய பிள்ளையைக் குளிப்பாட்டவும் அவர் புறப்படுகிறார். அவருடைய பிள்ளை உம்மும்மாவிடம் இருக்கும்.

முஸ்லிம் பெண் தொழிலுக்குப் போகலாமா, வீட்டில் இருக்க வேண்டுமா என்ற விவாதம் எம்மத்தியில் ஓய்வதே இல்லை. ஜும்ஆ பயான்களில், முகநூலில், வாட்ஸ்அப் குழுக்களில், கல்யாணப் பேச்சுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் இந்த விவாதம் முழுவதும் அந்த முதலாவது பெண்ணைப் பற்றியதாகவே இருப்பதை நாம் கவனித்திருக்கிறோமா? இரண்டாவது பெண் "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்று எண்ணப்படுகிறார். மூன்றாவது பெண்ணைப் பற்றி அநேகமாக எவரும் வாய் திறப்பதில்லை. படித்த பெண்ணிடம் 'வீட்டிலிரு' என்று உரத்துச் சொல்லும் சமூகம், ஏழைப் பெண் விமானம் ஏறும்போது மௌனமாகிவிடுகிறது. இந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

புள்ளிவிபரம் காட்டும் படம்

இலங்கையில் தொழில் செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் மூன்றில் இருவருக்கும் மேல் இருக்கிறார்கள். இந்த இடைவெளி பல வருடங்களாகப் பெரிதாக மாறவில்லை. அதேவேளை அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் மாணவர்களில் 60 வீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள். பெண்களைப் படிக்க வைப்பதில் நாடு வெற்றி பெற்றிருக்கிறது. படித்த பின் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்குத்தான் விடை இல்லை.

அந்தப் புள்ளிவிபரத்திலேயே ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. வீட்டு வேலையில் முழுநேரமாக ஈடுபடும் பெண், உத்தியோகபூர்வ வகைப்படுத்தலில் 'பொருளாதார ரீதியில் செயற்படாதவர்' என்ற பிரிவில் சேர்க்கப்படுகிறார். நான்கு பிள்ளைகளை வளர்த்து, படுக்கையில் கிடக்கும் மாமியைப் பராமரித்து, மூன்று வேளை சமைக்கும் ஒருவரைச் 'செயற்படாதவர்' என்கிறது அரச அறிக்கை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017ஆம் ஆண்டு நேரப் பயன்பாடு பற்றி ஓர் ஆய்வை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் ஆண்களைவிடப் பெண்களே பல மடங்கு நேரம் செலவிடுகிறார்கள் என்பதை அது எடுத்துக்காட்டியது. நம் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எழுத்தில் வந்ததே புதிது.

2023ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற அமெரிக்கப் பேராசிரியை குளோடியா கோல்டின், இரண்டு நூற்றாண்டுத் தரவுகளை ஆராய்ந்து ஒரு விடயத்தைக் காட்டினார். முன்னேறிய நாடுகளில்கூட, ஒரே கல்வி, ஒரே தொழில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வருமான இடைவெளி பெரும்பாலும் முதலாவது குழந்தை பிறந்த பின்னர்தான் விரிகிறது. அதாவது, பெண்ணின் திறமையோ ஆர்வமோ இங்கே பிரச்சினை இல்லை. பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் உண்மையாக இருப்பது கொம்பனித்தெருவிலும் உண்மைதான்.

ஒழுங்கையில் இருந்த காவல்

கொம்பனித்தெருவை அறியாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. இது மலாய், சோனக, தமிழ், சிங்களக் குடும்பங்கள் தோளோடு தோள் ஒட்டி வாழ்ந்த பகுதி. 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைபிள் படையணியில் இருந்த மலாய் வீரர்களின் சந்ததியினர் இன்றும் இங்கே இருக்கிறார்கள். மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா லேன் என்ற பெயர்களே அந்த வரலாற்றைச் சொல்லும். வேகந்தை ஜும்ஆப் பள்ளிவாசலுக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வயது. ஒழுங்கைகளில் வீடுகள் சிறியவை. ஆனால் வாசல்கள் திறந்தே கிடந்தன. ஒரு தாய் வேலைக்குப் போனால் பிள்ளை பக்கத்து வீட்டில் சோறு தின்றது. எதிர்வீட்டு ராத்தா கண்ணில் படாமல் எந்தப் பிள்ளையும் பிரதான வீதிக்குப் போக முடியாது. பகல்நேரப் பராமரிப்பு நிலையம் என்ற சொல்லே அந்த ஒழுங்கைக்குத் தேவைப்படவில்லை.

யுத்தம் முடிந்த பின் கொழும்பை அழகுபடுத்தும் திட்டம் இந்தப் பகுதியை முதலில் தொட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபை அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. அடுத்த சில வருடங்களில் ஜாவா லேன் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. இன்று பேரை வாவியைச் சுற்றி வானுயர்ந்த சொகுசு மாடிகள் நிற்கின்றன. இங்கு வாழ்ந்தவர்களில் பலர் தற்காலிக இடங்களிலும் வேறு தொடர்மாடிகளிலும் ஆண்டுகளைக் கழித்தார்கள்.

இதற்கும் பெண்கள் தொழில் செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தம் இருக்கிறது. தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட கொழும்புக் குடும்பங்கள் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வெளியிட்ட ஆய்வுகள், வீட்டிலிருந்தபடியே செய்த சிறுதொழில்கள் பாதிக்கப்பட்டதையும் அயலவர் உறவுகள் குலைந்ததையும் பதிவு செய்திருக்கின்றன. ஒழுங்கை வாசலில் இடியப்பம் விற்ற பெண் பத்தாவது மாடியில் யாருக்கு விற்பார்? பிள்ளையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு ராத்தா இப்போது எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்? வீடும் தொழிலும் ஒரே இடத்தில் இருந்த ஒரு வாழ்க்கை முறையை அபிவிருத்தி இரண்டாக உடைத்தது. உடைந்த பிறகு, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று பெண்ணிடம் கேட்கிறோம்.

2022இல் வந்த பொருளாதார நெருக்கடி இந்த உடைவை இன்னும் கூர்மையாக்கியது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் 90 வீதத்தைத் தாண்டியது. பிறகு பணவீக்கம் குறைந்தாலும் ஏறிய விலைகள் இறங்கவில்லை. ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடந்த காலம் கொழும்பின் ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் அத்தோடு முடிந்துவிட்டது.

ஆனால் இரண்டாவது சம்பளம் என்ன தரும்? தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,400 ரூபா, கழிந்தால் கையில் 27,600. அதிலிருந்து பஸ் செலவு, பாடசாலை வேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பது, நேரமில்லாத நாளில் கடையில் வாங்கும் சாப்பாடு. மாத முடிவில் மிஞ்சுவதைப் பார்த்துவிட்டு வேலையை விடும் பெண் பெரும்பாலும் கணக்குப் பார்த்துத்தான் விடுகிறாள். அவளுக்கு மார்க்கப் பற்றுக் கூடிவிட்டது என்று நாம் மகிழ்வதும், அவளைப் பிற்போக்கானவள் என்று மற்றவர்கள் சொல்வதும் இரண்டுமே தவறு.

மூன்றாவது பெண்ணின் கதை

அந்தக் கணக்கு எந்த வழியிலும் சரிவராத வீடுகளிலிருந்துதான் மூன்றாவது பெண் புறப்படுகிறார். 1990களில் இலங்கையிலிருந்து வெளிநாட்டுத் தொழிலுக்குப் போனவர்களில் பெண்களே பெரும்பான்மை. அவர்களில் மிகப் பலர் பணிப்பெண்கள். கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் எமது பெண்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். இன்றும் போகிறார்கள்.

மூதூரின் ரிசானா நபீக்கை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2005இல், 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு அனுப்பப்பட்டார். குழந்தை வளர்ப்பில் எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தச் சிறுமியிடம் கைக்குழந்தை ஒன்று ஒப்படைக்கப்பட்டது. குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று முழு நாடும் அழுதது. பள்ளிவாசல்களில் துஆ கேட்டோம். ஆனால் பருவம் வந்த பெண் மஹ்ரம் இன்றித் தூரப் பயணம் போகலாமா என்று கொழும்புப் பல்கலைக்கழக மாணவியிடம் கேட்கும் எத்தனை பேர், ரிசானாவின் வீட்டில் அடுப்பு எரிய வழி என்ன என்று முன்கூட்டியே கேட்டோம்?

ரிசானாவின் மரணத்துக்குப் பின் அதே வருடம் அரசாங்கம் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற நடைமுறையைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாடு போக முடியாது என்பது அதன் சாரம். 2022இல், டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. நாட்டுக்குப் பணம் தேவைப்பட்டதும் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவையில்லை என்றாகிவிட்டது. தகப்பன்மாருக்கு இப்படியோர் அறிக்கை ஒருபோதும் கேட்கப்படவில்லை. பிள்ளை தாயினுடையது மட்டும் என்ற எண்ணம் அரசின் எழுத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எமது சமூகத்தின் நிலைப்பாட்டிலும் அதே முரண்பாடு இருக்கிறது. கொழும்பில், மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பக்கூடிய தொழிலுக்குப் பெண் போவது சர்ச்சைக்குரியது. இரண்டு வருடம் பிள்ளையைப் பார்க்காமல் அந்நிய வீட்டில் தங்கி வேலை செய்வது 'வறுமை, என்ன செய்வது' என்ற ஒரு பெருமூச்சோடு முடிந்துவிடுகிறது. மார்க்க நியாயம் பேசுவதானால் அதிகம் கவலைப்பட வேண்டியது எதைக் குறித்து?

மார்க்கம் எங்கே நிற்கிறது?

இங்கே மார்க்கத்தை முன்வைத்தே பேசுவோம். ஏனென்றால் இந்த விவாதத்தில் மார்க்கத்தின் பாதியை மட்டுமே நாம் எடுத்துச் சொல்கிறோம்.

குடும்பச் செலவு கணவனின் கடமை. மனைவி செல்வந்தராக இருந்தாலும் அந்தக் கடமை நீங்காது. அவருடைய மகரும் சம்பாத்தியமும் வாரிசுச் சொத்தும் அவருக்கே உரியவை. ஆண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்குப் பங்குண்டு, பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்கும் பங்குண்டு என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் சொல்கிறது. நபி (ஸல்) அவர்களை முதன்முதலில் ஈமான் கொண்டு ஏற்ற கதீஜா (ரழி) அவர்கள் ஒரு வணிகர் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும்.

இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) அவர்களின் செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தன் கணவருக்கும் தன் பராமரிப்பில் உள்ள அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று அவர் கேட்டனுப்பினார். ஆகும், இரு நன்மைகள் கிடைக்கும் என்று நபியவர்கள் பதிலளித்தார்கள். இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மனைவி குடும்பத்துக்குச் செலவிடுவது தர்மம். தர்மம் என்றால் கொடுப்பவரின் விருப்பம். சம்பளம் வந்த அன்றே ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் கணவருக்கு இந்தச் செய்தியில் இடமில்லை.

வீட்டு வேலையை எடுத்துக்கொள்வோம். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அந்த மத்ஹபின் பிரசித்தமான நிலைப்பாட்டில் சமைப்பதும் துவைப்பதும் கூட்டுவதும் மனைவி மீது சட்டக் கடமை அல்ல. மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உண்டு. திருகை சுற்றிக் கை நொந்த பாத்திமா (ரழி) அவர்கள் பணியாளர் ஒருவரைக் கேட்டுத் தந்தையிடம் சென்ற சம்பவத்தை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. ஆனால் கடமை என்று சொன்னாலும் உபகாரம் என்று சொன்னாலும், அது வேலை என்பதில் எந்த இமாமுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்ற கருத்தில்தான் ஆயிஷா (ரழி) அவர்கள் விடையளித்தார்கள். எத்தனை வீடுகளில் இந்த ஸுன்னா உயிரோடு இருக்கிறது?

சித்திலெப்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியபோது எதிர்ப்பு இருந்தது. 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி ஆரம்பமானபோதும் பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்ற பேச்சு இருந்தது. அக்கல்லூரியை வளர்த்தெடுத்த அதிபர் ஆயிஷா ரவூப், கேரளத்தின் தலச்சேரியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். பின்னர் கொழும்பு மாநகர சபை உறுப்பினராகவும் பிரதி மேயராகவும் பணியாற்றினார். அவருடைய மாணவிகளின் பேத்திகள்தான் இன்று காரியாலயங்களுக்குப் போகிறார்கள். கல்வி பற்றிய சர்ச்சையை நாம் கடந்து வந்ததுபோல இதையும் கடக்கலாம். அதற்கு உபதேசத்தைவிட ஏற்பாடுகள் அதிகம் தேவை.

வீட்டைத் தெரிவு செய்தவருக்கு என்ன பாதுகாப்பு?

வீட்டில் இருப்பதை மனமுவந்து தெரிவு செய்யும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற பின்னும், நல்ல தொழில் கையில் இருந்தும், பிள்ளைகள் வளரும் வரை வீடுதான் என்று முடிவெடுத்தவர்களை நானறிவேன். அது கௌரவமான முடிவு. அவர்களைப் பார்த்து 'படித்ததெல்லாம் வீண்' என்று சொல்வது அறியாமை. படித்த தாயிடம் வளரும் பிள்ளையிடம் அந்தப் படிப்பு போய்ச் சேர்கிறது.

ஆனால் அவர்களுக்கு நாம் என்ன பாதுகாப்புக் கொடுத்திருக்கிறோம்? பதினைந்து வருடம் வீட்டைக் காத்த ஒரு பெண் தலாக் சொல்லப்பட்டால், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் அவருக்கான பராமரிப்புச் செலவு இத்தாவோடு முடிந்துவிடும். பிள்ளைகளின் செலவு வேறு. வீடு கணவரின் பெயரில். சேமலாப நிதி கணவரின் பெயரில். அவர் உழைத்த பதினைந்து வருடம் எந்தப் பத்திரத்திலும் இல்லை. நாற்பது வயதில், அனுபவச் சான்றிதழ் ஏதுமின்றி, அவர் தொழில் தேடிப் புறப்பட வேண்டும். அப்போதுதான் மூன்றாவது பெண்ணின் பயணப் பை அவர் கைக்கு வருகிறது. திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பத்தைக்கூடக் கட்டாயமாக்காத ஒரு சட்டத்தைத் திருத்துவது பற்றி 2009இல் குழு அமைத்து, 2018இல் அறிக்கை பெற்று, பிறகும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறோம். 'வீட்டிலிரு' என்று சொல்வதற்கு முன், வீட்டிலிருப்பவருக்கு வீடு இருக்கிறதா என்று பார்ப்பது நியாயம் அல்லவா?

தொழிலைத் தெரிவு செய்தவருக்கு?

மறுபுறம், தொழிலுக்குப் போகும் பெண்ணுக்கும் வழி நேராக இல்லை. மூன்றாவது பிள்ளையிலிருந்து மகப்பேற்று விடுமுறை 42 நாட்கள் மட்டும் என்றிருந்ததை 2018இல் சட்டம் திருத்தி, எல்லாப் பிரசவங்களுக்கும் 84 நாட்கள் என்றாக்கியது. நல்ல மாற்றம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளைகள் தரவும் சட்டம் இருக்கிறது. ஆனால் விடுமுறைக் காலச் சம்பளத்தைத் தனியார் துறையில் தொழில்தருநரே முழுமையாகச் சுமக்க வேண்டியிருப்பதால், புதிதாகக் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே பலர் தயங்குகிறார்கள். தகப்பனுக்கு அரச துறையில் மூன்று நாள் விடுமுறை. தனியார் துறையில் சட்டப்படி எதுவும் இல்லை.

எமது பெண்களுக்கு இதற்கு மேலும் ஒரு கதவு இருக்கிறது. 2018இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகளின் அபாயா பெரும் சர்ச்சையானது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின், 2019 மே மாதத்தின் இறுதியில், அரச அலுவலகங்களில் பெண்கள் சாரி அல்லது ஒசரியே அணிய வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. எதிர்ப்புகளுக்குப் பின்னரே அது மாற்றப்பட்டது. அந்தக் காலத்தில் அரச தொழிலில் இருந்த எத்தனையோ சகோதரிகள் தினமும் அவமானத்தை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வெளியே 'அபாயாவைக் கழற்று' என்றார்கள். உள்ளே சிலர் 'அப்படியானால் வீட்டில் இரு' என்றார்கள். இரண்டு குரல்களும் அவரைத் தள்ளியது ஒரே திசையில்தான்.

எம்மால் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்ய வேண்டியவை பல. மகப்பேற்றுச் செலவைத் தொழில்தருநர் தலையில் மட்டும் சுமத்தாத காப்புறுதி முறை, மாநகர சபையின் தரமான பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள், தகப்பனுக்கும் விடுமுறை என்பன அவற்றில் சில. அவற்றுக்காகக் குரல் கொடுப்போம். ஆனால் அரசாங்கத்தைக் காத்திருக்காமல் நாமே தொடங்கக்கூடியவையும் இருக்கின்றன.

முதலாவது, பள்ளிவாசல். கொழும்பின் பல பள்ளிவாசல்களில் மேல்மாடி மண்டபங்கள் வார நாட்களில் ளுஹர் வரை பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது பயிற்றப்பட்ட பெண்களைக் கொண்டு பகல்நேரப் பராமரிப்பு நிலையமாக்கினால், ஒழுங்கையில் நாம் இழந்த காவல் திரும்பக் கிடைக்கும். அஹதிய்யாப் பாடசாலைகளை நடத்தத் தெரிந்த சமூகத்துக்கு இது இயலாத காரியமல்ல. அதனால் வேலைக்குப் போகும் தாயும் பயன்பெறுவார், அங்கு பணிபுரியும் சகோதரியும் வீட்டுக்குப் பக்கத்திலேயே சம்பாதிப்பார்.

இரண்டாவது, ஸகாத். ஒரு பெண் பணிப்பெண்ணாகப் போவதற்கு முகவரிடம் பதிவு செய்யும் முன், மஹல்லா நிர்வாகம் அவர் வீட்டுக் கதவைத் தட்டட்டும். என்ன கடன், எவ்வளவு, என்ன தொழில் தெரியும் என்று கேட்கட்டும். ஒரு அடுப்பு, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு தையல் இயந்திரம் பல வீடுகளில் அந்தப் பயணத்தை நிறுத்திவிடும். அப்படியும் போக வேண்டியவர் போகட்டும். அவருடைய பிள்ளைகள் மஹல்லாவின் அமானிதம் என்று பொறுப்பேற்போம்.

மூன்றாவது, நிகாஹ்வுக்கு முந்திய பேச்சு. மகர் எவ்வளவு, மண்டபம் எது என்று பேசும் நாம், மணமகள் தொழில் செய்வாரா, அவருடைய சம்பளம் யாருடையது, வீட்டு வேலையை யார் யார் பகிர்வார்கள் என்று பேசுவதில்லை. நிறைவேற்றத் தகுந்த நிபந்தனைகளில் முதன்மையானவை திருமணத்தின்போது ஏற்றுக்கொண்டவை என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. பேசி எழுதிக்கொள்வதில் வெட்கம் எதற்கு? கல்யாணத்தின் பின் 'எங்கள் குடும்பத்தில் பெண்கள் வேலைக்குப் போவதில்லை' என்று சொல்வது ஏமாற்று.

நான்காவது, பத்திரம். தொடர்மாடி வீடுகளுக்கான உறுதிகள் வழங்கப்படும் இந்தக் காலத்தில் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுத வேண்டும் என்று கொம்பனித்தெருக் குடும்பங்கள் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து பலகாரம் செய்யும், உடுப்புத் தைக்கும் பெண்கள் தம் வருமானத்தை எழுதி வைக்கவும், தம் பெயரில் கணக்கு வைக்கவும் பழக வேண்டும். சுயதொழில் செய்வோருக்கென இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. இதையெல்லாம் விளக்கிச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஐந்தாவது, எமது வர்த்தகர்கள். புறக்கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் கடைகளும் நிறுவனங்களும் நடத்தும் முஸ்லிம் தொழில்தருநர்கள் தம்மிடம் வேலை செய்யும் பெண்களுக்குச் சேமலாப நிதி, 84 நாள் விடுமுறை, பாலூட்டும் இடைவேளை, தொழுவதற்கு ஓர் இடம் என்பவற்றைச் சட்டப்படியும் மார்க்கப்படியும் கொடுக்கிறார்களா? பெண்கள் வெளியே வேலை செய்யும் சூழல் சரியில்லை என்று குறை சொல்பவர்களில் சிலர் சூழலை உருவாக்கக்கூடிய முதலாளிகளும்தான்.

1975 ஒக்டோபர் 24ஆம் திகதி ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் ஒருநாள் எல்லா வேலைகளையும் நிறுத்தினார்கள். காரியாலய வேலையோடு சமையலையும் பிள்ளை பராமரிப்பையும் சேர்த்து நிறுத்தினார்கள். பாடசாலைகள் மூடப்பட்டன, தகப்பன்மார் பிள்ளைகளை வேலைத்தலத்துக்குக் கூட்டிப் போனார்கள். வெளிவேலையும் வீட்டு வேலையும் ஒரே உழைப்பின் இரு பக்கங்கள் என்பதை அந்த நாடு ஒரே பகலில் விளங்கிக்கொண்டது. எமது உம்மாமார் அப்படியொரு நாளை எடுக்கவே மாட்டார்கள். அவர்கள் எடுக்க வேண்டிய நிலை வராமல் நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

ஆகவே வீடா, தொழிலா என்ற கேள்வியைப் பெண்களிடம் கேட்பதை இனிச் சற்று நிறுத்துவோம். படித்த பெண்ணுக்கு ஒரு மார்க்கமும் ஏழைப் பெண்ணுக்கு வேறொரு மௌனமும் இருக்க முடியாது. நாளைக் காலையும் அந்த மூவரும் ரயில் நிலையத்துக்கு முன்னால் கடந்து போவார்கள். ஒருவருக்குப் பிள்ளையை விட்டுப்போக நம்பிக்கையான ஓர் இடம் வேண்டும். ஒருவருக்கு அவருடைய உழைப்பு அவர் பெயரில் இருக்க வேண்டும். மற்றவருக்குப் போகாமல் இருக்க ஒரு வழி வேண்டும். இம்மூன்றையும் அந்த ஊர்ப் பள்ளிவாசல் ஒன்று முயன்றால் தொடங்கிவிடலாம். அதன் பிறகு வீடா, தொழிலா என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்கட்டும். அல்லாஹ் அவருக்கும் எமக்கும் நலவை நாடுவானாக.